வெட்பாலை எண்ணெயின் அடியில் நீர் கட்டிக் கெட்டுவிட்டது: சருமத்துக்கும் சோப்புக்கும் மூலிகை எண்ணெயை எப்படித் தயாரிப்பது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிக்கு அருகில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் தோல் தடித்து வெள்ளைச் செதில்களாக உதிர்கிறது. தோல் மருத்துவர் பார்த்து, காளாஞ்சகப்படை (சொரியாசிஸ்) என்று உறுதி செய்து களிம்பு கொடுத்திருக்கிறார். அதைத் தவறாமல் பூசி வருகிறோம். அத்துடன் வெட்பாலை எண்ணெயும் தடவினால் வறட்சியும் அரிப்பும் குறையும் என்று அம்மா விரும்பியதால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே தயாரிக்க முயன்றேன்.

எங்கள் வயல் வரப்பில் ஒரு வெட்பாலை மரம் நிற்கிறது. சென்ற மாதம் அதிலிருந்து 200 கிராம் அளவுக்கு இலைகளைக் கையாலேயே கிள்ளிக் கழுவி, அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் புட்டியை இறுக மூடி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். முதல் நாள் மாலையிலேயே இலையின் ஓரங்களிலிருந்து ஊதா நிறம் நூல் நூலாக இறங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் புட்டி முழுவதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் இலை நன்றாக ஊறட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, பத்தாம் நாள் திறந்தபோது மேலே வெண்மையாக ஏடு படிந்திருந்தது; அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கலங்கிய நீர் நின்றது; வாடையோ பக்கத்தில் நிற்க விடவில்லை.

இன்னொரு புட்டியில் செம்பருத்திப் பூவை ஊற வைத்தேன். அதில் சிவப்பு நிறம் சிறிதும் இறங்கவில்லை. பூ வெளுத்துக் கொழகொழத்ததுதான் மிச்சம். எண்ணெய் சரியாக வந்தால் அதைக் கொண்டே அம்மாவுக்குக் குளியல் சோப்பும் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். இலையைப் பச்சையாகப் போடுவதா, உலர்த்திப் போடுவதா? வெயிலா, அடுப்பா? சோப்பாக்கிய பிறகும் மூலிகையின் குணம் அதில் நிற்குமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கொல்லைப்புறம் எழுதியது:

வணக்கம் சகோதரி. உங்கள் எண்ணெயைக் கெடுத்தது இலையும் அல்ல, எண்ணெயும் அல்ல. நீங்கள் இறுக மூடிய அந்த மூடிதான். பச்சை இலையின் எடையில் பெரும்பங்கு நீர். வெயிலில் புட்டி சூடாகும்போது அந்த நீர் ஆவியாகி மேலே எழும். வெளியேற வழி இல்லாததால் மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, மாலையில் குளிர்ந்ததும் எண்ணெய்க்குள்ளேயே திரும்ப விழும். நீர் எண்ணெயைவிட எடை கூடியது என்பதால் அடியில் போய்த் தங்கும். அந்த நீரில் இலைச் சாறும் கலந்திருக்கும்; கிருமிகள் வளர அதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. மேலே நீங்கள் பார்த்த ஏடு, எண்ணெய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலைகளில் பிடித்த பூஞ்சையாகவே இருக்க வேண்டும்.

வெட்பாலைக்குப் பச்சை இலையைப் போடுவதுதான் வழக்கம். ஆகவே கழுவிய இலைகளைத் துணியில் ஒற்றி எடுத்து, நிழலில் விசிறிக் காற்றில் இரண்டு மூன்று மணி நேரம் பரப்பி வையுங்கள். கையால் தொட்டால் ஈரப்பசை சிறிதும் தெரியக் கூடாது. புட்டியும் கரண்டியும் அதேபோல் உலர்ந்திருக்க வேண்டும். இலைகள் முழுவதும் மூழ்கும்படி எண்ணெய் ஊற்றி, புட்டியின் வாயில் மூடிக்குப் பதிலாக இரட்டை மடிப்பு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டுங்கள். பகலில் ஆவி துணி வழியாக வெளியேறிவிடும். மாலையில் பனி இறங்குவதற்கு முன் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். நாள்தோறும் உலர்ந்த கரண்டியால் ஒருமுறை இலைகளை அமுக்கி விடுங்கள். நல்ல வெயிலில் மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை போதும். நிறம் நன்றாக இறங்கிய பிறகும் இலையை உள்ளேயே விட்டு வைப்பதால் அழுகல் கூடுமே தவிர வேறு பயன் இல்லை. இந்த மரத்தின் இலையிலிருந்து அவுரியைப் போலவே நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். உங்கள் புட்டியில் இறங்கிய ஊதாவும் அந்தச் சாயக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வடிகட்டிய பிறகு ஒரு வேலை இருக்கிறது. பலர் இதைச் செய்வதில்லை. எண்ணெயை உயரமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வைத்தால், மிச்சமிருக்கும் நீர் அடியில் வேறு நிறத்தில் ஒரு கோடு போலத் தெரியும். மேலே உள்ள எண்ணெயை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்துக்கொண்டு, அடியில் உள்ளதைக் கொட்டிவிடுங்கள். கொஞ்சம்தானே என்று சேர்த்துவிட்டால் மொத்தமும் வீணாகும். பிறகு அந்த எண்ணெயை ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெந்நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்துக்குள் இறக்கி, அரை மணி நேரம் மிதமாகச் சூடாக்கினால் எஞ்சிய ஈரமும் போய்விடும். நேரடித் தீ வேண்டாம்.

கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, குப்பைமேனி போன்றவற்றுக்கு அடுப்புதான் சரி. அங்கே இலையின் சாற்றை எடுத்து எண்ணெயில் ஊற்றி, சிறு தீயில் நீர் முழுவதும் வற்றும் வரை காய்ச்ச வேண்டும். தொடக்கத்தில் பெரிய பெரிய குமிழிகளாகப் பொங்கிச் சடசடவென்று சத்தம் கேட்கும். நீர் வற்ற வற்றக் குமிழி சிறுத்துச் சத்தம் அடங்கும். அப்போது அடியில் படியும் கசண்டைக் கரண்டி நுனியில் எடுத்து ஆற வைத்து விரல்களுக்கு இடையே தேய்த்துப் பாருங்கள். மெழுகு போல உருண்டு திரண்டால் மெழுகு பதம். மணல் போல நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம். என் அம்மா அதைத் திரியில் தடவி நெருப்பில் காட்டுவார். வெடிக்காமல் எரிந்தால் நீர் இல்லை என்று பொருள். நான் மெழுகு பதம் தாண்டி மணல் பதம் தொடங்கும்போதே இறக்கிவிடுவேன். பாத்திரத்தின் சூட்டிலேயே மிச்சம் காய்ந்துவிடும். கருகவிட்டால் எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும், அதைத் திருத்த வழி இல்லை.

செம்பருத்தியின் சிவப்பு நீரில் கரையும் நிறம், எண்ணெயில் கரையாது. அதனால்தான் உங்கள் எண்ணெய் நிறம் மாறவில்லை. அந்தப் பூவில் உள்ள வழவழப்பும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், பச்சைப் பூவை எண்ணெயில் ஊற வைப்பதையே நான் விட்டுவிட்டேன். கற்றாழையும் அப்படித்தான், அதன் சோற்றில் ஏறத்தாழ முழுவதும் நீர்.

ஆவாரம்பூ, ரோஜா இதழ், துளசி, வெட்டிவேர் ஆகியவற்றை உலர்த்திப் போடுவது எளிது, பாதுகாப்பும் கூட. இலையை மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். அதுதான் உலர்ந்ததற்கு அடையாளம். உலர்ந்த மூலிகை 100 கிராமுக்கு எண்ணெய் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன வெந்நீர்ப் பாத்திர முறையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் சாரம் இறங்கிவிடும். நான் ஆண்டுக்கு வேண்டியதைப் பங்குனி, சித்திரையிலேயே முடித்து வைத்துவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எவ்வளவு உலர்த்தினாலும் மறுநாள் காலையில் இலை துவண்டு கிடக்கும்.


நுரையும் நீரும் எழுதியது:

வணக்கம். நான் கோயம்புத்தூரில் ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் சோப்பு செய்து வருகிறேன். எண்ணெய் பற்றி மேலே கொல்லைப்புறம் அம்மா சொன்னதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சோப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வெட்பாலை எண்ணெயைச் சோப்பில் போடாதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடா என்னும் காரமும் வினைபுரிந்து, எண்ணெய் எண்ணெயாக இல்லாமல் போய்க் கிடைக்கும் பொருள். ஐந்து நாள் வெயிலில் நீங்கள் காத்திருந்து இறக்கிய சாரத்தில் ஒரு பகுதி அந்தக் காரத்தில் மாறிவிடும். எஞ்சியதும் தோலின் மேல் அரை நிமிடம் நின்று நீரோடு போய்விடும். எண்ணெயாகத் தடவினால் அதுவே மணிக்கணக்கில் தோலின் மேல் இருக்கும். வினைபுரியாமல் தங்கட்டும் என்று நாம் கூடுதலாக விடும் எண்ணெய் வெட்பாலை எண்ணெயாகவே இருக்கட்டும் என்று நினைத்தாலும், காய்ச்சாமல் செய்யும் முறையில் அதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த எண்ணெயை முதலில் பிடிப்பது என்று காரத்துக்குக் கட்டளையிட யாராலும் ஆகாது. சோப்பை அடுப்பில் வேக வைத்துச் செய்யும் முறையில், வெந்து முடிந்த பிறகு நல்ல எண்ணெயைக் கடைசியாகக் கலக்கலாம். அதிலும் கழுவிப் போவது போகத்தான் செய்யும்.

சோப்பில் மூலிகை எண்ணெய் உறுதியாகத் தருவது நிறம். அதிலும் சில வியப்புகள் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேம்பாளம்பட்டை தேங்காய் எண்ணெயில் மாதுளைச் சிவப்பாக இறங்கும். அதே எண்ணெய் காரத்தைச் சந்தித்ததும் ஊதாவாகவும் சில நேரம் நீலம் கலந்த சாம்பலாகவும் மாறிவிடும். மஞ்சள் எண்ணெயும் காரம் பட்ட உடன் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சோப்பு முற்ற முற்ற அந்தச் சிவப்புத் தணிந்து இளம் ஆரஞ்சாகத் தங்கும். வெளிச்சத்தில் வைத்தால் அதுவும் வெளுத்துவிடும். வேப்பிலை, துளசி போன்ற இலைகளின் பச்சை ஓரிரு மாதங்களில் காய்ந்த புல்லின் நிறத்துக்கு வந்துவிடுகிறது. பச்சை நிறம் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற வறண்ட தோலுக்கு நான் செய்யும் அளவு இது: தேங்காய் எண்ணெய் 700 கிராம், நல்லெண்ணெய் 200 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். எல்லாவற்றையும் தராசில் எடை போட்டே எடுக்க வேண்டும். குவளையால் அளக்கக் கூடாது. ஒரு கிராம் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறத் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், நல்லெண்ணெய்க்கு 0.134 கிராம், விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் 167.7 கிராம் வருகிறது. அதில் 8 சதவீதம் குறைத்து 154 கிராம் மட்டும் சேர்த்தால், அந்த அளவு எண்ணெய் சோப்பாக மாறாமல் தோலுக்கு மென்மை தரும். தேங்காய் எண்ணெய் இவ்வளவு இருக்கும்போது குறைப்பு இல்லாமல் செய்தால் சோப்பு தோலை வறட்டும். மூலிகை ஊறியதால் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அடிப்படை எண்ணெய் எதுவோ அதற்குரிய காஸ்டிக் சோடா அளவையே எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் 308 கிராம். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கலவையின் சூடு சில நிமிடங்களில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எவர்சில்வர் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை இல்லாமல் தொடங்காதீர்கள். சன்னலைத் திறந்து வையுங்கள். சிறு குழந்தைகள் அந்த அறைப் பக்கமே வரக் கூடாது. தோலில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தேய்ப்பது காயத்தை மோசமாக்கும். கண்ணில் பட்டால் கண்ணைக் கழுவிய உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

காரக் கரைசலும் எண்ணெயும் ஏறத்தாழ 40 டிகிரிக்கு ஆறியதும் கலந்து, இட்லி மாவுப் பதம் வரும் வரை கிளறி அச்சில் ஊற்றுங்கள். மறுநாள் வெட்டி, காற்றோட்டமான இடத்தில் ஆறு வாரம் வையுங்கள்.


பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூடியின் உட்புறத்தில் நீர் முத்துகள் நின்றதை நானே நாள்தோறும் பார்த்தேன். அதன் பொருள்தான் எனக்கு விளங்கவில்லை. கெட்டுப்போன அந்த அரை லிட்டரைக் காய்ச்சி நீரைப் போக்கினால் சோப்புக்காவது பயன்படுத்தலாமா? செக்கு எண்ணெய் என்பதால் கொட்ட மனம் வரவில்லை. மேலும், வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் எண்ணெய் கெடாது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். அது சரியா?


கொல்லைப்புறம் எழுதியது:

கொட்டிவிடுங்கள் சகோதரி. பூஞ்சையைக் கொதிக்க வைத்துக் கொன்றாலும் அது விட்டுச் சென்ற கழிவு எண்ணெயிலேயே இருக்கும். வெடித்து நிற்கும் தோலுக்கு அதை எந்த வடிவிலும் கொண்டுபோக வேண்டாம்.

எண்ணெய் கெடுவதில் இரண்டு வகை உண்டு. நீர் தங்கிக் கிருமி வளர்வது ஒன்று. காற்றும் ஒளியும் சூடும் பட்டு எண்ணெய் காறிப்போவது மற்றொன்று. வைட்டமின் ஈ இரண்டாவதைத் தள்ளிப் போடும். முதலாவதை அதனால் தடுக்க முடியாது. தேங்காய் எண்ணெய் எளிதில் காறாது. நல்லெண்ணெயிலும் காறலைத் தடுக்கும் பொருள்கள் இயற்கையாகவே இருக்கின்றன. சூரியகாந்தி எண்ணெயை இதற்கு நான் எடுப்பதில்லை. அது விரைவில் காறிவிடும். அடர்நிறப் புட்டிகளில் கழுத்து வரை நிரப்பி, பெரிய புட்டியிலிருந்து சிறிய புட்டிக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஈரக் கையை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.


மூலிகைத் தோட்டம் எழுதியது:

வணக்கம். நான் சித்த மருத்துவம் படித்தவள். உரையாடலில் விடுபட்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பால் வடியும் மரங்களைப் பாலை என்றே பல இடங்களில் அழைக்கிறார்கள். குடசப்பாலையை வெட்பாலை என்று பறித்து வருபவர்களும் உண்டு. வெட்பாலையின் காய்கள் நீளமாக, இரண்டிரண்டாகத் தொங்கும். இளங்காயில் அந்த இரண்டின் நுனிகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குடசப்பாலையில் அவை ஒட்டாமல் தனித்தனியே தொங்கும். உங்கள் எண்ணெய் கத்தரிப்பூ நிறமானதால் மரம் சரியானதுதான் என்று தோன்றுகிறது. இருந்தாலும் காய்க்கும் காலத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண்ணெயை முதலில் முன்னங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி, ஒரு நாள் முழுவதும் பொறுத்துப் பாருங்கள். சிவப்போ எரிச்சலோ இல்லையென்றால் செதில் உள்ள இடத்தில் மெல்லியதாகத் தடவலாம். வெடித்து நீர் கசியும் இடத்தில் எந்த மூலிகை எண்ணெயும் வேண்டாம். களிம்பு பூசும் நேரத்தையும் எண்ணெய் தடவும் நேரத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். களிம்பின் மேல் எண்ணெய் பூசினால் அது சரியாகப் பிடிக்காமல் போகலாம். வீட்டுத் தயாரிப்பு போதவில்லை என்றால் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ, உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவிலோ காட்டுங்கள். திருநெல்வேலியில், பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீங்கள் தொலைவுக்கு அலைய வேண்டியதில்லை.

ஒன்றை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். குளியல் பொடியில் சேர்க்கிறோமே என்று கார்போகரிசியை எண்ணெயில் ஊற வைக்காதீர்கள். அதில் உள்ள சோரலன் என்னும் பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், தீப்பட்டது போல் சிவந்து கொப்பளித்துவிடும். பொடியாகத் தேய்த்து உடனே கழுவுவதும், எண்ணெயில் இறக்கித் தோலில் பூசிக்கொண்டு வெயிலில் நடப்பதும் ஒன்றல்ல. வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் அதைக் கொடுக்கும்போது வெயிலில் நிற்க வேண்டிய நேரத்தை நிமிடக் கணக்கில் சொல்லிக் கொடுப்பது இதனால்தான். வயல்வெளியில் வேலை செய்த ஒரு பெண், தானே காய்ச்சிய எண்ணெயைத் தடவிக்கொண்டு களையெடுக்கப் போய், இரண்டு கைகளும் கொப்பளித்த நிலையில் வந்ததை நான் நேரில் பார்த்தேன். அந்தத் தழும்பு மறைய மாதங்கள் ஆயின.


பொருநைக்கரை எழுதியது:

எல்லோரும் சொன்னபடி மறுபடியும் தொடங்கினேன். இம்முறை துணி கட்டினேன். மாலைதோறும் உள்ளே எடுத்து வைத்தேன். நான்காம் நாள் வடிகட்டிக் குவளையில் தெளியவிட்டபோது, அடியில் ஒரு தேக்கரண்டி அளவு பழுப்பு நீர் தனியாக நின்றது. மேலே இருந்ததை மட்டும் எடுத்து வெந்நீர்ப் பாத்திரத்தில் சூடாக்கிப் புட்டியில் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. வாடையும் இல்லை, கலங்கலும் இல்லை. அம்மாவின் கையில் சோதித்துப் பார்த்துவிட்டு இரவில் மட்டும் தடவுகிறோம். செதில் மென்மையாகி, அரிப்பு குறைந்திருப்பதாகச் சொல்கிறார். மருத்துவரிடமும் காட்டினோம், தொடரச் சொன்னார். சோப்புக்கு வேம்பாளம்பட்டை போதும் என்று முடிவு செய்துவிட்டேன். நேற்றுதான் அச்சில் ஊற்றினேன், ஊதா நிறத்தில்தான் நிற்கிறது.

ஒரு சிறு ஐயம் மட்டும் மீதம் இருக்கிறது. வடிகட்டும்போது இலைகளில் நிறைய எண்ணெய் தங்கிவிடுகிறது. துணியோடு சேர்த்து முறுக்கிப் பிழியலாமா?


கொல்லைப்புறம் எழுதியது:

முதலில் பிழியாமல் துணியை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுத் தானாகச் சொட்டுவதை நல்ல புட்டிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பிழிந்தால் இலையின் சாறும் சேர்ந்தே இறங்கும் என்பதால், அந்தப் பிழிசலைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரத்துக்குள் தலைக்குத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். இரண்டையும் கலந்துவிட வேண்டாம்.